கேட்டால் கிடைக்கும், கேட்காவிட்டால் போய்விடும்: மாணவர் நலன் பார்ப்பவர்களின் வேலை

செப்ரெம்பர் நடுவில் பாசல் பீற்றர்ஸ்பிளாட்ஸ் பக்கம் போனால், முதலாம் ஆண்டுப் பிள்ளைகள் யார் என்று கேட்காமலே தெரியும். கையில் ஃபோன், அதில் கட்டடங்களின் வரைபடம், முகத்தில் ஒரு சின்னத் தவிப்பு. 1460ஆம் ஆண்டு தொடங்கிய, சுவிசின் மிகப் பழைய பல்கலைக்கழகம் இது. அந்தக் கூட்டத்தில் இப்ப எங்கட பிள்ளைகளும் நிற்கினம். இன்னும் சில வருசத்தில் இந்தக் கட்டுரையை வாசிக்கும் பல வீடுகளில் இருந்து அடுத்த வரிசையும் வரும்.

பெற்றோரின் கண்ணில் முதலில் படுகிற இலக்கம் 850. பாசல் பல்கலைக்கழகத்தில் ஒரு செமெஸ்டருக்கான கட்டணம் 850 பிராங். "லண்டனில சித்தியின்ர மகனுக்கு வருசத்துக்கு ஒன்பதாயிரம் பவுணுக்கு மேல. எங்களுக்கு இது பெரிய காசோ?" என்று சொல்லி நாங்கள் நிம்மதியடைவோம். ஆனால் செலவு அந்த 850இல் நிற்பதில்லை. 19 வயதில் மருத்துவக் காப்புறுதிக் கட்டணம் பிள்ளைகளுக்கான தொகையில் இருந்து இளையோருக்கான தொகைக்குத் தாவும். 26இல் திரும்பவும் தாவும். ரயில் பாஸ், மடிக்கணினி, மதியச் சாப்பாடு, வேற ஊரில் அறை எடுத்தால் வாடகை என்று ஒவ்வொன்றாக வரும்.

நேரமும் ஒரு செலவுதான். முழுநேரப் படிப்பு என்பது வருசத்துக்கு 60 கிரெடிட் புள்ளிகள். ஒரு புள்ளிக்கு 30 மணித்தியாலம் என்று கணக்குப் போடுகிறார்கள். மொத்தம் 1800 மணித்தியாலம். அதுவே ஒரு முழுநேர வேலை. இருந்தும் சுவிசில் உயர்கல்வி படிக்கும் மாணவர்களில் ஏறத்தாழ முக்கால்வாசிப் பேர் படிப்போடு சேர்த்துச் சம்பளத்துக்கும் வேலை செய்கிறார்கள். அவர்களின் வருமானத்தில் ஏறத்தாழ பாதி பெற்றோரிடம் இருந்து வருகிறது. ஸ்டிப்பெண்டியம், அதாவது படிப்புதவிப் பணம், அதில் மிகச் சிறிய பங்குதான்.

அந்த 1800 மணித்தியாலத்துக்கும் கையில் இருக்கிற காசுக்கும் நடுவில் ஒரு இடைவெளி விழும். அந்த இடைவெளியைப் பார்ப்பதையே வேலையாக வைத்திருக்கிற ஆட்கள் இருக்கிறார்கள். இங்கிலாந்தில் அவர்களுக்கு வெல்ஃபெயர் ஒஃபிசர் என்று பெயர். நாங்கள் மாணவர் நலன் பொறுப்பாளர் என்று சொல்லலாம். அவர்கள் என்ன செய்கிறார்கள், எங்கட வீடுகளுக்கு அதில் என்ன இருக்கிறது என்பதுதான் இங்கே விசயம்.

'யூனியன்' என்றால் ஏன் பயம்?

எங்கட அப்பா அம்மாவிடம் 'மாணவர் ஒன்றியம்' என்று சொல்லிப் பாருங்கள். முகம் மாறும். அவர்களின் காலத்தில் அந்தச் சொல்லோடு வேற நினைவுகள் ஒட்டிக்கொண்டிருக்கின்றன. 1970களின் தொடக்கத்தில் பல்கலைக்கழக அனுமதிக்கு தரப்படுத்தல் வந்தது. அதை எதிர்த்து மாணவர் இயக்கங்கள் எழுந்தன. பிறகு நடந்தது எல்லாருக்கும் தெரியும். யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம் 1974இல் தொடங்கிய காலத்தில் இருந்து, அங்கே மாணவர் ஒன்றியத்தில் இருப்பது என்றால் அரசியலில் இருப்பது, சில காலங்களில் உயிருக்கே ஆபத்தான இடத்தில் இருப்பது. அதனால்தான் "யூனியன் கினியன் எண்டு போகாதை, படிக்கிற வேலையைப் பார்" என்ற பேச்சு பாசல் வரைக்கும் வந்து சேர்ந்தது.

அந்தப் பயத்துக்குக் காரணம் இருந்தது. அதைக் குறைசொல்ல முடியாது. ஆனால் இங்கே அந்தச் சொல்லுக்குள் இருக்கிற வேலையில் பெரும்பகுதி வேற மாதிரி. வாடகை, படிப்புதவி, சோதனை விதிகள், மன அழுத்தம், வதிவிட அனுமதி: இவைதான் மேசையில் இருக்கும். கொடி பிடிக்கிற நாளும் உண்டு. ஆனால் கோப்புப் பார்க்கிற நாட்களே கூட.

யார் இந்த ஆட்கள்?

இங்கிலாந்தில் தேசிய மாணவர் ஒன்றியம் 1922இல் உருவானது. அங்கே பல்கலைக்கழக ஒன்றியங்களில் பல பொறுப்பாளர்கள் தங்கட படிப்பை ஒரு வருசம் நிறுத்தி வைத்து, அல்லது படிப்பு முடிந்த கையோடு, தேர்தலில் வென்று சம்பளத்தோடு முழுநேரமாக வேலை செய்வார்கள். அப்படியான சம்பளப் பதவியில் ஒருவர் மொத்தம் இரண்டு வருசத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்பதை 1994ஆம் ஆண்டுக் கல்விச் சட்டமே சொல்கிறது. நாற்காலியில் ஒராள் ஒட்டிக்கொள்ளக் கூடாது என்பதற்கான ஏற்பாடு அது.

சுவிசில் அமைப்பு வேறு. பாசல் பல்கலைக்கழக மாணவர்களுக்கு 'ஸ்கூபா' என்ற பிரதிநிதி அமைப்பு இருக்கிறது. மாணவர் சபை ஒன்றும் நிர்வாகக் குழு ஒன்றும் அதில் உண்டு. நாடு முழுவதற்குமாக சுவிஸ் மாணவர் ஒன்றியங்களின் கூட்டமைப்பு இருக்கிறது. ஜெர்மன் எழுத்துகளில் வி.எஸ்.எஸ்., பிரெஞ்சில் உனெஸ். 1920இல் தொடங்கிய இந்தக் கூட்டமைப்பின் அலுவலகம் பேர்ண் நகரில் உள்ளது. உறுப்பு ஒன்றியங்களின் பேராளர்கள் கூடி நிர்வாகக் குழுவைத் தெரிவு செய்வார்கள். குழுவில் இருப்பவர்கள் பொறுப்புகளைப் பிரித்து எடுப்பார்கள். சமூக விடயங்களைப் பார்க்கிறவருக்கு 'வெல்ஃபெயர் ஒஃபிசர்' என்ற பெயர்ப்பலகை கிடையாது. ஆனால் வேலை அதுதான். அவருக்குத் துணையாக சமூகக் கொள்கைக்கென்று ஒரு ஆணைக்குழுவும் உண்டு.

இங்கே அந்த ஆள் ஏன் முக்கியம் என்று விளங்க, பாசலில் இருந்து ரயில் ஏறி எல்லையைத் தாண்டிப் பார்த்தால் போதும். முக்கால் மணித்தியாலத்தில் ஃப்ரைபுர்க். அங்கே மாணவர் விடுதி, உணவகம், படிப்புதவி எல்லாவற்றையும் பார்க்க 'ஸ்டூடீரெண்டன்வேர்க்' என்ற பொது நிறுவனம் இருக்கிறது. இன்னும் கொஞ்சத் தூரத்தில் ஸ்ட்ராஸ்பூர்க். அங்கே 'க்ரூஸ்'. சுவிசில் அப்படி நாடு தழுவிய ஒரே நிறுவனம் இல்லை. படிப்புதவி கன்டோனிடம், ஆலோசனை பல்கலைக்கழகத்திடம், அறை ஒரு சங்கத்திடம், காப்புறுதிக் கட்டணக் குறைப்பு இன்னொரு அலுவலகத்திடம். எது எங்கே கிடக்கிறது என்று தெரிந்தவர் ஒருவர் இருந்தால்தான் பிள்ளை அலையாமல் போய்ச் சேரும்.

ஒரு வாரம் எப்படிப் போகும்?

இந்த வேலை மூன்று அடுக்காக நடக்கும். முதல் அடுக்கு, ஆட்கள். ஒரு மாணவர் எழுதுவார்: "படிப்புதவி மறுக்கப்பட்டுவிட்டது. மேன்முறையீட்டுக்கு சில நாள்தான் இருக்கு." இன்னொருவர்: "அம்மாவுக்கு வருத்தம். சோதனையைப் பின்போட முடியுமா?" தேசிய மட்டத்தில் இருக்கிறவர் ஒவ்வொரு கதையையும் தானே தீர்க்க முடியாது. அவருக்குச் சட்டத்தரணியின் அதிகாரமும் இல்லை, மருத்துவரின் பயிற்சியும் இல்லை. சரியான இடத்துக்கு அனுப்புவதும், கேட்டதை வெளியே சொல்லாமல் வைத்திருப்பதும்தான் அங்கே தொழில்.

அதோடு இன்னொன்றும் செய்வார். இது ஒராளின் பிரச்சினையா, விதியின் பிரச்சினையா என்று பிரித்துப் பார்ப்பார். ஒரே மாதிரிக் கதை மூன்று நகரங்களில் இருந்து வந்தால், அது பிள்ளையின் பிழை இல்லை. எங்கேயோ ஒரு ஒழுங்குவிதி தவறாக எழுதப்பட்டிருக்கிறது. இரண்டாவது அடுக்கு அங்கே தொடங்கும்: அந்த விதியை எழுதியவர்களோடு பேசுவது. கன்டோன் கல்வி அமைச்சர்களின் மாநாடு, உயர்கல்வி நிறுவனங்களின் அமைப்பு, கூட்டாட்சி அரசின் கல்விச் செயலகம் என்று பல கதவுகள். ஒரு கூட்டத்தில் ஜெர்மனும் பிரெஞ்சும் மாறி மாறி ஓடும். இரண்டையும் விளங்காமல் இந்த வேலையைச் செய்ய முடியாது.

மூன்றாவது அடுக்கு, சட்டம். சுவிசில் முக்கியமான சட்ட வரைவு வந்தால் கருத்துக் கேட்பு நடக்கும். அதற்குக் குறைந்தது மூன்று மாதம் கொடுப்பார்கள். அந்த நேரத்துக்குள் வரைவை வாசித்து, உறுப்பு ஒன்றியங்களிடம் கேட்டு, மாணவர் தரப்பின் பதிலை எழுதிக் கொடுக்க வேண்டும். 2025 ஜனவரியில் கூட்டாட்சி அரசு சேமிப்புத் திட்டம் ஒன்றை இப்படிக் கருத்துக்கு விட்டது. பல்கலைக்கழகங்களுக்கான பணத்தைக் குறைப்பதும், மாணவர் கட்டணத்தைக் கூட்டுவதும் அதற்குள் இருந்தன. மாணவர் கூட்டமைப்பு எதிர்த்தது.

இதையெல்லாம் செய்கிறவர்களும் மாணவர்கள்தான். பகுதிநேரம், சின்னக் கொடுப்பனவு. பேராளர்களும் படிக்கிற ஆட்கள் என்பதால் கூட்டங்கள் பின்னேரமும் வார இறுதியிலும்தான். பகலில் விரிவுரை, இரவில் சட்ட வரைவு. அடுத்தவரின் சோதனை அழுத்தத்தைப் பற்றிக் கடிதம் எழுதுகிறவருக்கு, அடுத்த நாள் தன்னுடைய சோதனை இருக்கும்.

தோற்ற வாக்கெடுப்பு, மிஞ்சிய வேலை

இந்த வேலையின் அளவை விளங்கிக்கொள்ள ஒரு கதை போதும். சுவிசில் படிப்புதவி கன்டோனுக்குக் கன்டோன் வேறுபடும். ஒரே வருமானம் உள்ள இரண்டு குடும்பங்கள், ஒரே பல்கலைக்கழகத்தில் இரண்டு பிள்ளைகள். பெற்றோர் எந்தக் கன்டோனில் இருக்கினம் என்பதைப் பொறுத்து ஒரு பிள்ளைக்குப் பணம் கிடைக்கும், மற்றதுக்குக் கிடைக்காமலும் போகும்.

இதை மாற்ற 2010இல் மாணவர் கூட்டமைப்பு ஒரு மக்கள் முன்னெடுப்பைத் தொடங்கியது. 18 மாதத்துக்குள் ஒரு லட்சம் கையெழுத்துச் சேர்க்க வேண்டும். ரயில் நிலையத்திலும் உணவக வாசலிலும் நின்று சேர்த்தார்கள். 2012 ஜனவரியில் தேவையானதைவிடக் கூடிய கையெழுத்துகளை பேர்ணில் கையளித்தார்கள். 2015 ஜூன் 14ஆம் திகதி வாக்கெடுப்பு. 72.5 வீதம் 'இல்லை'. ஒரு கன்டோன்கூட ஆதரிக்கவில்லை.

ஐந்து வருச வேலை ஒரு ஞாயிற்றுக்கிழமையில் முடிந்துபோனது என்று சொல்லலாம். ஆனால் முழுக்க அப்படி இல்லை. முன்னெடுப்புக்குப் பதிலாக நாடாளுமன்றம் கூட்டாட்சியின் படிப்புதவிச் சட்டத்தைத் திருத்தியது. கன்டோன்கள் தங்களுக்குள் செய்துகொண்ட உடன்பாடு ஒன்று 2013இல் நடைமுறைக்கு வந்திருந்தது. அதைச் சுற்றிய பேச்சும் சூடு பிடித்தது. அந்த உடன்பாட்டின்படி, சேர்ந்த கன்டோன்கள் உயர்கல்விக்கான வருடாந்த உச்சத் தொகையை 16,000 பிராங்குக்குக் கீழே வைக்கக் கூடாது. வயதெல்லை வைப்பதானால் 35க்குக் கீழே வைக்கக் கூடாது. பாசல் நகரக் கன்டோன் அதில் உண்டு. தோற்றவர்கள் அடுத்த நாள் அலுவலகத்துக்கு வந்து திரும்பவும் கடிதம் எழுதத் தொடங்கினார்கள். இந்த வேலை அப்படித்தான் நகரும்.

ஃபோர்ம் நிரப்பிப் பழகின எங்கட தலைமுறை

இப்ப எங்கட வீட்டுக்கு வருவம். எங்களில் பலருக்கு 11, 12 வயதிலேயே ஒரு பதவி கிடைத்தது. அப்பாவுக்கு வந்த கடிதத்தை வாசித்துச் சொல்வது, அம்மாவோடு டொக்டரிடம் போய் மொழிபெயர்ப்பது, கெமைண்டவில் கவுண்டருக்கு முன்னால் நின்று கதைப்பது. குடும்பத்தின் நலன் அலுவலர் நாங்கள்தான். யாரும் தெரிவு செய்யவில்லை, சம்பளமும் இல்லை, பதவிக்காலமும் முடியவில்லை. சிலருக்கு இன்றைக்கும் தொடருது.

அதில் ஒரு விசித்திரம் இருக்கு. மற்றவர்களுக்காக எத்தனையோ ஃபோர்ம் நிரப்பின ஆட்கள், தங்களுக்கென்று வரும்போது கை வைக்க மாட்டினம். "நாங்கள் சமாளிச்சனாங்கள்தானே" என்பது எங்கட பெருமை. பிள்ளைகளும் அதைப் பார்த்துத்தான் வளருகினம். படிப்புதவி கேட்க வேண்டிய பிள்ளை மிக்ரோவில் கூடுதலாக இரண்டு நாள் வேலை எடுக்கும். சோதனை தவறும். பிறகு "படிப்பில கவனம் இல்லை" என்று நாங்களே சொல்லுவம்.

நலன் பொறுப்பாளர்கள் திரும்பத் திரும்பப் பதில் சொல்கிற சில விசயங்கள் எங்கட வீடுகளுக்கு அப்படியே பொருந்தும்.

முதலாவது, படிப்புதவி 'சோசியல் காசு' இல்லை. எங்கட ஆட்களிடம் பரவலாக இருக்கிற பயம் இது: விண்ணப்பித்தால் குடியுரிமைக்குப் பிரச்சினை வரும் என்று. சமூக உதவி, அதாவது சோசியல்ஹில்ஃப, எடுத்தால் குடியுரிமை விண்ணப்பத்தைப் பாதிக்கலாம். கடந்த மூன்று வருசம் பார்ப்பார்கள், சில கன்டோன்களில் அதைவிடக் கூட. ஸ்டிப்பெண்டியம் அந்தக் கணக்கில் வராது. மருத்துவக் காப்புறுதிக் கட்டணக் குறைப்பும் வராது. குடியுரிமை விதிகளில் படிப்பது என்பது வேலை செய்வதைப் போலவே நல்ல பக்கத்தில்தான் நிற்குது.

இரண்டாவது, எங்கே கேட்பது என்பது. பிள்ளை பாசலில் படித்தாலும், பொதுவாகப் பெற்றோர் வசிக்கும் கன்டோனில்தான் விண்ணப்பிக்க வேண்டும். ஓல்ற்றனில் இருந்து பாசலுக்கு வந்து படிக்கிற பிள்ளையின் விண்ணப்பம் சொலத்தூர்ன் கன்டோனுக்குப் போகும். ஒவ்வொரு கன்டோனுக்கும் ஒரு கடைசித் திகதி. அது பிந்தினால், போன மாதங்களுக்கான பணம் பெரும்பாலும் போனதுதான். சுவிஸ் பாஸ்போர்ட் இல்லாவிட்டாலும் சி அனுமதி உள்ளவர்களும், ஐந்து வருசமாக பி அனுமதியோடு இருப்பவர்களும், அங்கீகரிக்கப்பட்ட அகதிகளும் கேட்கலாம். எஃப் அனுமதி என்றால் கன்டோனைப் பொறுத்தது, கேட்டுப் பார்க்க வேண்டும். மறுத்தால் மேன்முறையீட்டுக்கு வழி உண்டு. மறுப்புக் கடிதத்தின் அடியில் அந்த நாள்கணக்கு எழுதியிருக்கும்.

மூன்றாவது, ஏ.ஹா.ஃபௌ. 20 வயது முடிந்த அடுத்த ஜனவரியில் இருந்து, வேலை செய்யாத மாணவரும் முதியோர் காப்புறுதிக்குக் கட்ட வேண்டும். வருசத்துக்கு 500 பிராங்குக்குச் சற்று மேல். பகுதிநேர வேலையில் அந்த அளவு ஏற்கெனவே கழிபட்டிருந்தால் தனியாகக் கட்டத் தேவையில்லை. ஒரு வருசம் விடுபட்டால், 65 வயதில் ஓய்வூதியம் குறையும். 20 வயதுப் பிள்ளைக்கு 65 வயதைப் பற்றி நினைக்கத் தோன்றாது. அதனால் இதைப் பெற்றோர்தான் ஞாபகப்படுத்த வேண்டும்.

நாலாவது, படிக்கிற பிள்ளைக்கு 25 வயது வரை கல்விக் கொடுப்பனவு உண்டு. 2025இல் இருந்து கூட்டாட்சிச் சட்டப்படி மாதம் குறைந்தது 268 பிராங். அம்மா அல்லது அப்பாவின் சம்பளத்தோடு வரும். பிள்ளை கட்டாயப் பள்ளிக்குப் பிறகான படிப்பைத் தொடங்கும்போதும், பிறகு ஒவ்வொரு மாறுதலின்போதும், படிப்புச் சான்றைக் கொடுக்காவிட்டால் அது சத்தமில்லாமல் நின்றுவிடும்.

ஐந்தாவது, வாசிப்புச் சிரமம், நீண்டகால நோய், மனநோய் இருக்கிற பிள்ளைக்குச் சோதனையில் கூடுதல் நேரம் போன்ற ஏற்பாடுகள் கேட்கலாம். 'நாக்டைல்ஸ்அவுஸ்கிளைக்' என்று பெயர். இதைச் சோதனைக்கு முன்னால்தான் கேட்க வேண்டும். தவறின பிறகு கேட்டால் மிகவும் கஷ்டம்.

பெற்றோருக்கும் ஒரு சட்டம் இருக்கு. சிவில் சட்டத்தின் 277ஆம் பிரிவின்படி, பிள்ளைக்கு 18 வயது தாண்டினாலும், பொருத்தமான ஒரு முதல் படிப்பு முடியும் வரை, தங்களால் இயன்ற அளவுக்குத் தாங்குவது பெற்றோரின் கடமை. இயலாத இடத்தில்தான் ஸ்டிப்பெண்டியம் வருகிறது. அந்த ஒழுங்கு தெரிந்தால், கேட்பதில் கூச்சப்பட ஒன்றும் இல்லை.

சொல்லப்படாத 'இல்லை'

பணத்தைவிடக் கஷ்டமான கோப்பு ஒன்று இருக்கிறது. சோதனையில் திரும்பத் திரும்பத் தவறி, வீட்டுக்குச் சொல்லாமல் இருக்கிற பிள்ளை. சுவிஸ் பல்கலைக்கழகங்களில் அனுமதிக்கப்பட்ட தடவைகள் முடிந்தும் தவறினால், அந்தப் பாடத்துறையில் இருந்து முற்றாக வெளியேற்றப்படலாம். அப்படி நடந்தால் இன்னொரு சுவிஸ் பல்கலைக்கழகத்தில் அதே துறையில் சேர்வதும் பொதுவாக முடியாது. அதனால் கடைசி முயற்சிக்கு முன்னால் கதைப்பதுதான் முக்கியம். அந்த நேரத்தில் கையில் வழிகள் இருக்கும்: சோதனையைத் தள்ளிப்போடுவது, மருத்துவச் சான்று, ஒரு செமெஸ்டர் விடுப்பு, துறை மாற்றம். கடைசி முயற்சி முடிந்த பிறகு வழி ஒடுங்கிவிடும்.

ஆனால் எங்கட பிள்ளை அந்த நேரத்தில் ஏன் கதைக்காது? "மாமாவின்ர மகள் மெடிசின் முடிச்சிட்டா" என்று கோயிலில் வைத்துச் சொல்கிறோமே, அதனால்தான். ஒவ்வொரு காலையும் பையைத் தூக்கிக்கொண்டு ரயில் ஏறி, நூலகத்தில் இருந்துவிட்டு, பின்னேரம் வீட்டுக்கு வரும். வீட்டில் எல்லாரும் பிள்ளை படிக்குது என்று நினைத்துக்கொண்டிருப்பார்கள்.

பாசல் பல்கலைக்கழகத்தில் படிப்பு ஆலோசனையும் உளவியல் ஆலோசனையும் உண்டு. அங்கே கதைப்பது இரகசியமாக இருக்கும், வீட்டுக்குக் கடிதம் வராது. நடுச்சாமத்தில் யாரிடமாவது கதைக்க வேண்டும் என்றால் 143 என்ற இலக்கம் நாள் முழுக்கத் திறந்திருக்கும். பிள்ளைகளுக்கும் இளையோருக்கும் 147. இந்த இரண்டு இலக்கத்தையும் குளிர்சாதனப் பெட்டியில் ஒட்டி வைக்கலாம். யாருக்கென்று சொல்லத் தேவையில்லை.

நலன் பொறுப்பாளர்கள் பிள்ளையைத் திட்டுவதும் இல்லை, பெற்றோரைக் குறைசொல்வதும் இல்லை. "இப்ப என்னென்ன வழி இருக்கு?" என்று கேட்பார்கள். அதே கேள்வியை வீட்டிலும் கேட்டுப் பழகலாம். செமெஸ்டர் முடிவில் "எத்தனை மார்க்ஸ்?" என்று மட்டும் கேட்கிற வீட்டில், பிள்ளை மார்க்ஸை மட்டும்தான் சொல்லும், அதுவும் நல்லதாக இருந்தால்.

தாத்தாமாருக்குக் கிடைக்காத கதவு

இந்தக் கூட்டமைப்பின் வரலாற்றில் எங்களைத் தொடுகிற ஒரு பக்கமும் உண்டு. 1956இல் ஹங்கேரியில் எழுச்சி நசுக்கப்பட்டபோது சுவிஸ் பன்னிரண்டாயிரத்துக்கும் மேற்பட்டவர்களை ஏற்றது. அவர்களில் இருந்த மாணவர்களுக்காகப் பல்கலைக்கழகங்களும் மாணவர்களும் உதவித்தொகையும் இடமும் தேடிக் கொடுத்தார்கள்.

1983க்குப் பிறகு எங்கட ஆட்கள் வந்தார்கள். அவர்களிலும் ஏ.எல். சித்தியடைந்தவர்கள், பல்கலைக்கழகத்தைப் பாதியில் விட்டவர்கள், ஆசிரியர்கள் இருந்தார்கள். பலர் உணவகச் சமையலறையில் பாத்திரம் கழுவத் தொடங்கி, அங்கேயே ஓய்வுபெற்றார்கள். "நீங்கள் என்ன படிச்சுக்கொண்டிருந்தனீங்கள்?" என்று கேட்க அவர்களுக்கு ஒரு அலுவலகம் இருக்கவில்லை.

2016இல் மாணவர் கூட்டமைப்பு அகதிகளாக வந்தவர்கள் பல்கலைக்கழகத்துக்குள் போக உதவும் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. மொழித் தகுதி, பழைய சான்றிதழ், வதிவிட அனுமதி, பணம் என்று ஒவ்வொரு தடையாக எடுத்துப் பார்க்கிற வேலை. எங்கட பெற்றோருக்கு அது மிகவும் பிந்திவிட்டது. ஆனால் இன்றைக்குச் சிரியாவில் இருந்தோ எரித்திரியாவில் இருந்தோ வந்த ஒரு பிள்ளை பாசலில் விரிவுரைக்குப் போகும்போது, அதற்குள் எங்கட அப்பாமாரின் கதையும் இருக்கிறது.

பிள்ளை இந்த வேலைக்குப் போகப் போறன் என்றால்?

ஒரு நாள் மகளோ மகனோ வந்து, "நான் மாணவர் சபைக்குக் கேட்கப் போறன்" என்று சொன்னால் என்ன செய்யிறது? முதலில் வாயில் வருவது "படிப்பு?" என்பதுதான். அது நியாயமான கேள்வி. ஒரு வருசம் பிந்தலாம். புள்ளிகள் குறையலாம். அதனால் கணக்கோடு கதைப்பது நல்லது: எத்தனை மணித்தியாலம், எவ்வளவு கொடுப்பனவு, எந்தச் சோதனையை எப்ப வைப்பது, படிப்புதவி இருந்தால் படிப்புக் காலம் நீளும்போது அது நிற்குமா.

ஆனால் மற்றப் பக்கத்தையும் பாருங்கள். 22 வயதில் சட்ட வரைவை வாசித்து விளங்குவது, இரண்டு மொழியில் பேரம் பேசுவது, வரவுசெலவு பார்ப்பது, அழுதுகொண்டு வருகிற ஒராளின் கதையை முழுக்கக் கேட்பது, தோற்ற பிறகும் திங்கட்கிழமை வேலைக்கு வருவது. சட்டம், சமூகப்பணி, மருத்துவம், அரச நிர்வாகம் என்று எந்த வழியில் போனாலும் இது கை கொடுக்கும். இன்னொன்றும் உண்டு. எங்கட பிள்ளைகளின் வீட்டுச் சூழல் அந்த மேசையில் இருப்பவர்கள் எல்லாருக்கும் தெரியாது. ஏன் ஒரு குடும்பம் படிப்புதவி விண்ணப்பத்தைக் கண்டால் பயப்படுகிறது, ஏன் ஒரு மாணவி சோதனை நாளில் அம்மம்மாவோடு ஆசுப்பத்திரியில் நிற்கிறாள் என்பதை விளக்கிச் சொல்ல அங்கே ஒராள் வேணும்.

பிள்ளை அந்த வேலையைச் செய்யாவிட்டாலும், அந்த வேலையைச் செய்கிறவர்கள் இருக்கிறார்கள் என்பது தெரிந்திருக்க வேணும். முதலாம் செமெஸ்டர் தொடங்கும் கிழமையில், மடிக்கணினி வாங்குகிற அதே நாளில், மூன்று விசயத்தைச் சேர்த்துச் செய்யுங்கள். உங்கட கன்டோனின் படிப்புதவிக் கடைசித் திகதியைப் பாருங்கள். பல்கலைக்கழக ஆலோசனை நிலையமும் மாணவர் ஒன்றியமும் எங்கே இருக்கு என்று பிள்ளையோடு சேர்ந்து தேடுங்கள். பிறகு பிள்ளையிடம் ஒருமுறை வாய்திறந்து சொல்லுங்கள்: "தவறினாலும் சொல்லு. சேர்ந்து பார்ப்பம்." மூன்றாவதுக்குத்தான் எங்களில் பலருக்குப் பயிற்சி இல்லை. அதை எங்களுக்குச் சொல்ல எங்கட அப்பா அம்மாவுக்கு நேரம் இருக்கவில்லை. எங்களுக்கு இருக்கு.